மண்ணின் மூச்சையும் தழைச்சத்தையும் சேர்த்து அளக்கும் முறை

மண்வள அட்டையில் 12 எண்கள் இருக்கும். கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். 2015 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தால் பல விவசாயிகள் முதல்முறையாகத் தங்கள் மண்ணின் கணக்கைப் பார்த்தார்கள். ஆனால் அந்த 12 எண்களில் ஒன்றுகூட மண்ணில் உயிரோடு இருப்பவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அங்ககக் கரிமம் மட்டும் கொஞ்சம் கிட்டே வருகிறது. அதுவும் குதிரில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்பதைத்தான் சொல்லும். உலை கொதிக்கிறதா என்பது அதில் தெரியாது.

உலை கொதிப்பதை அளக்க எளிய வழி, மண் விடும் மூச்சை அளப்பது. நுண்ணுயிர்கள் அங்ககப் பொருளைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயுவைப் பிடித்து எடை போட்டால் அவற்றின் வேலையின் வேகம் தெரியும். இதோடு நிறுத்திக்கொண்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். அறுவடை முடிந்து வைக்கோலை மடக்கி உழுத வயலில் மண் பலமாக மூச்சுவிடும். அதே நாட்களில் அங்கே விதைத்த பயிர் வெளிறி நிற்கும். வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்ட மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். மூச்சை மட்டும் பார்த்தவர் மண் நன்றாக இருக்கிறது என்பார். தழைச்சத்தை மட்டும் பார்த்தவர் யூரியாவைக் கொட்டுவார். ஒரே மண்ணில், ஒரே பாட்டிலில் இரண்டையும் அளந்தால்தான் நடப்பது புரியும். அதற்கான முறை கீழே இருக்கிறது. பியூரெட்டும் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கோடிட்ட குழாய்) நல்ல தராசும் உள்ள பள்ளி ஆய்வகத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவன அறையிலோ செய்துவிடலாம்.

மண் எடுப்பது

பிழைகளில் பெரும்பங்கு ஆய்வகத்தில் நடப்பதில்லை, வயலில்தான் நடக்கிறது. உரம் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அறுவடைக்குப் பின், அடுத்த உழவுக்கு முன் எடுப்பது நல்லது. வரப்போரம், வாய்க்காலோரம், மர நிழல், எருக் கொட்டிய இடம், வைக்கோல் போர் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஒரே மாதிரி தெரியும் நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் எடுங்கள். மேட்டுப் பகுதியும் பள்ளப் பகுதியும் நிறத்தில் வேறுபட்டால் இரண்டையும் தனித்தனி மாதிரியாகவே வைக்க வேண்டும். கலந்தால் வரும் சராசரி இரண்டு இடத்துக்குமே பொருந்தாது.

மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள். கரும்பு, வாழை, பருத்தி போன்ற ஆழவேர்ப் பயிருக்கு 22.5 செ.மீ. போகலாம். மேல்மண்ணை அதிகமாகவும் அடிமண்ணைக் குறைவாகவும் சுரண்டினால் மூச்சு அளவு பொய்யாக உயரும், ஏனென்றால் நுண்ணுயிர்கள் அதிகம் இருப்பது மேல் 5 செ.மீ. மண்ணில்தான். பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்துங்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளியில் போட்டால் துத்தநாக அளவு கெட்டுவிடும்.

எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, கடைசியில் ஒரு கிலோ வரும்படி குறைத்து இரண்டு பைகளில் போடுங்கள். ஒரு பை மண்ணை நிழலில் உலர்த்தி, மரக்கட்டையால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். சத்து ஆய்வுக்கும் மூச்சுச் சோதனைக்கும் இதுதான். வெயிலில் போடாதீர்கள், அடுப்பில் வாட்டாதீர்கள். இன்னொரு பையை ஈரத்தோடு, பை வாயைத் தளர்வாகக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து ஒரு வாரத்துக்குள் பின்னால் சொல்லியிருக்கும் நொதிச் சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் செல்கள் வெடித்துச் செத்துவிடும்.

இன்னொரு மாதிரியும் அவசியம். பல ஆண்டுகளாக உழாத, உரம் போடாத, புல் மண்டிய அகலமான வரப்பிலோ பக்கத்துத் தரிசிலோ அதே மண் வகையில் ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு அளவுக்கு எல்லா மண்ணுக்கும் பொதுவான 'நல்லது, கெட்டது' எல்லைக்கோடு கிடையாது. கரிசலையும் தேரி மணலையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியாது. அந்த ஊரின் உழாத மண்தான் உங்கள் அளவுகோல்.

ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போது

உலர்ந்த மாதிரியை அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்தால் வழக்கமான எண்கள் வந்துவிடும். தமிழ்நாட்டில் புழங்கும் வரம்புகள், எக்டேருக்குக் கிலோவில்: தழைச்சத்து 280க்குக் கீழ் குறைவு, 450க்கு மேல் அதிகம். மணிச்சத்து 11க்குக் கீழ் குறைவு, 22க்கு மேல் அதிகம். சாம்பல்சத்து 118க்குக் கீழ் குறைவு, 280க்கு மேல் அதிகம்.

இந்த எண்களை அப்படியே உரக் கணக்கில் போடுவதற்கு முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். தழைச்சத்துக்குப் பெரும்பாலும் கார பெர்மாங்கனேட் முறை. சுப்பையாவும் ஆசிஜாவும் 1956இல் தந்தது. எளிதில் சிதையும் அங்ககத் தழைச்சத்தின் ஒரு பங்கை அது வேதிமுறையில் பிடுங்கிக் காட்டுகிறது. இந்தப் பருவத்தில் எவ்வளவு வெளிவரும் என்பது ஈரம், வெப்பம், நுண்ணுயிர் மூன்றையும் பொறுத்தது. அதனால்தான் 250 காட்டும் இரண்டு வயல்கள் இரண்டு விதமாக விளைகின்றன.

மணிச்சத்தில் எந்த முறை என்று கேளுங்கள். சோடியம் பைகார்பனேட் கொண்டு பிரிக்கும் ஓல்சன் முறை நடுநிலை, காரமண்ணுக்கு ஏற்றது. நீலகிரியின் தேயிலை மண் போன்ற அமில மண்ணுக்கு பிரே முறை வேண்டும். முறை மாறினால் எண்ணும் மாறும், மேலே சொன்ன 11–22 வரம்பும் பொருந்தாது. இன்னொரு பொறி: அறிக்கையில் இருப்பது தனிமமான பாஸ்பரசா, உர மூட்டையில் அச்சிடுகிற ஆக்சைடு வடிவமா? பாஸ்பரசை 2.29ஆல், பொட்டாசியத்தை 1.2ஆல் பெருக்கினால்தான் மூட்டைக் கணக்கு வரும்.

அங்ககக் கரிமத்துக்கு வாக்லி–பிளாக் முறை. டைகுரோமேட் எவ்வளவு செலவாகிறது என்பதை வைத்துக் கரிமத்தைக் கணக்கிடுவார்கள். நீர் தேங்கிய நெல் வயலிலிருந்து எடுத்து உலர்த்தாமலே ஆய்வு செய்தால், ஆக்சிசன் இல்லாமல் மாறிய இரும்பும் டைகுரோமேட்டைச் செலவழித்து, இல்லாத கரிமத்தை இருப்பதாகக் காட்டும். உப்பு மண்ணில் குளோரைடும் இதையே செய்யும்.

மூச்சுச் சோதனைக்குத் தேவையானவை

மூடி இறுகும் 500 மி.லி. அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில்கள், அவற்றுக்குள் நிற்கும் 50 மி.லி. சிறு பீக்கர்கள், 25 மி.லி. பியூரெட், 10 மி.லி. பிப்பெட், 0.01 கிராம் காட்டும் தராசு (கரைசலின் பலம் பார்க்க மட்டும் மில்லிகிராம் தராசு), வாசலின், வெப்பமானி, காய்ச்சி வடித்த நீர். ஒரு மாதிரிக்கு மூன்று பாட்டில். எல்லாவற்றுக்கும் பொதுவாக மண் இல்லாத வெற்றுப் பாட்டில் மூன்று.

கரைசல்கள் மூன்று. நார்மல் என்பது கரைசலின் பலத்தைச் சொல்லும் அலகு. முதலாவது 0.5 நார்மல் காஸ்டிக் சோடா: 20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு லிட்டர் நீரில். நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவே காரத்தைத் தின்றுவிடும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். கரையும்போது சூடாகும். பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். இரண்டாவது 0.25 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: அடர் அமிலம் சுமார் 21 மி.லி. எடுத்து நீரில் மெல்ல ஊற்றி ஒரு லிட்டராக்குங்கள். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. அடர் அமிலத்தின் பலம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். அதனால் சரிபார்ப்பது கட்டாயம்: உலரவைத்த தூய சோடியம் கார்பனேட் 0.265 கிராமை நீரில் கரைத்து, மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை இட்டுத் தரம்பார்த்தால், அதாவது நிறம் மாறும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தால், 20.0 மி.லி. அமிலம் செலவாக வேண்டும். 19.2 செலவானால் உங்கள் அமிலம் 5 ÷ 19.2, அதாவது 0.26 நார்மல். கணக்கில் அதையே போடுங்கள். மூன்றாவது பேரியம் குளோரைடு, 100 மி.லி. நீரில் 12.2 கிராம். இது நஞ்சு. வாயால் பிப்பெட்டில் உறிஞ்சும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை அன்றே விட்டுவிட வேண்டும்.

மண் எவ்வளவு நீர் பிடிக்கும்

நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்வது மண் பிடிக்கக்கூடிய நீரில் சுமார் 60 சதம் இருக்கும்போது. அதற்கு மேல் போனால் துளைகளில் காற்று இல்லாமல் போகும். கீழே போனால் தாகத்தில் சுருண்டுவிடும். ஆகவே இந்த அளவை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

புனலில் வடிதாளை மடித்து வைத்து முதலில் நனைத்து வடியவிடுங்கள். 50 கிராம் உலர் மண்ணைப் போட்டு 50 மி.லி. நீரை மெல்ல ஊற்றி, மேலே ஒரு தட்டால் மூடி, சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். மணலுக்கு அரை மணி போதும், கரிசலுக்கு ஒரு இரவும் ஆகலாம். கீழே 28 மி.லி. வடிந்தால் மண் பிடித்தது 22 மி.லி. அதில் 60 சதம் 13.2 மி.லி. ஒவ்வொரு பாட்டிலிலும் 50 கிராம் மண்ணுக்கு ஊற்ற வேண்டியது இதுதான். மாதிரிக்கு மாதிரி இதைத் தனியாகக் கண்டுபிடியுங்கள். எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றிவிட்டு மூச்சை ஒப்பிட்டால், ஈரத்தைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள்.

பாட்டிலை மூடுவது முதல் தரம்பார்ப்பது வரை

1. பாட்டிலின் அடியில் 50 கிராம் மண்ணைப் பரப்பி, கணக்கிட்ட நீரைத் துளித்துளியாக மண் முழுதும் பரவும்படி விடுங்கள். கிளறாதீர்கள். களிமண்ணைக் கிளறினால் சேறாகி மூச்சடைத்துவிடும்.

2. பீக்கரில் 10 மி.லி. காஸ்டிக் சோடா எடுத்து மண்மேல் நிறுத்தி, பாட்டில் விளிம்பில் வாசலின் தடவி உடனே மூடுங்கள். வெற்றுப் பாட்டிலிலும் இப்படியே. நீங்கள் குனிந்து விடுகிற மூச்சிலும் கரியமில வாயு இருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்து வேலை செய்யுங்கள்.

3. 24 மணி நேரம் கழித்துப் பீக்கரை எடுத்து, புதுக் காஸ்டிக் சோடா வைத்து மறுபடி மூடி, 7 நாள் விடுங்கள். முதல் நாள் பீக்கரையும் ஏழு நாள் பீக்கரையும் தனித்தனியாகத் தரம்பார்க்க வேண்டும்.

4. வெளியே எடுத்த பீக்கரில் உடனே 5 மி.லி. பேரியம் குளோரைடு ஊற்றுங்கள். பால்போல் வெண்மையாகும். பிடிபட்ட வாயு கார்பனேட்டாக இருக்கிறது. அதைப் பேரியம் திடமாக ஒதுக்கிவிடுவதால் மிச்சமிருக்கும் காரத்தை மட்டும் அளக்க முடிகிறது. இரண்டு சொட்டு பினாப்தலீன் இட்டால் இளஞ்சிவப்பு வரும்.

5. கலக்கிக்கொண்டே அமிலத்தை விடுங்கள். சிவப்பு மறையும் சொட்டில் நிறுத்துங்கள். வேகமாக விட்டால் அமிலம் ஒரே இடத்தில் குவிந்து வெள்ளை வண்டலையும் கரைத்துவிடும், எண் கெட்டுவிடும்.

முதல் நாளையும் அடுத்த ஏழு நாளையும் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. காய்ந்த மண் நனைந்தவுடன், காய்ந்தபோது செத்த நுண்ணுயிர்களும் மண்கட்டிக்குள் பூட்டிக்கிடந்த அங்ககப் பொருளும் ஒரேயடியாக உணவாகி, மூச்சு குபீரென எழும். 1950களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிர்ச் என்ற ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்ததால் பிர்ச் விளைவு என்றே பெயர். கோடை மழைக்குப் பின் சட்டென்று பயிர் பச்சை பிடிப்பதில் இதற்கும் பங்குண்டு. முதல் நாள் எண் எளிதில் கிடைக்கும் உணவைக் காட்டும். ஏழு நாள் எண் மண்ணின் நிதானமான அன்றாட மூச்சு.

கணக்கு

வெற்றுப் பாட்டிலுக்குச் செலவான அமிலத்திலிருந்து மண் பாட்டிலுக்குச் செலவானதைக் கழித்து, அமிலத்தின் நார்மல் அளவால் பெருக்கி, 22ஆல் பெருக்கினால் மில்லிகிராமில் கரியமில வாயு.

ஏழு நாள் பீக்கரில் வெற்று 19.8, மண் 17.4 என்று வைத்துக்கொள்வோம். 2.4 × 0.25 × 22 = 13.2 மி.கி. இது 50 கிராம் மண்ணுக்கு. ஒரு கிலோவுக்கு 264. கரிமமாக மாற்ற 12 ÷ 44ஆல் பெருக்கினால் 72. ஏழால் வகுத்தால் ஒரு கிலோ மண் ஒரு நாளைக்குச் சுமார் 10 மி.கி. கரிமத்தை மூச்சாக விடுகிறது.

பியூரெட்டில் 0.1 மி.லி. தவறாகப் படித்தால் ஒரு கிலோவுக்கு 3 மி.கி. கரிமம் மாறும். இரண்டு வயல்களுக்கு இடையே வேறுபாடு அவ்வளவுதான் என்றால் வேறுபாடே இல்லை என்று எழுதுங்கள். மணற்பாங்கான மண்ணுக்கு 100 கிராம் எடுத்தால் இந்தப் பிழை பாதியாகும். மூன்று பாட்டில்களில் ஒன்று மட்டும் வெகுவாக விலகினால் மூடிக் கசிவைச் சந்தேகியுங்கள். மண் பாட்டில் எதிலாவது செலவான அமிலம் 5 மி.லி.க்கும் கீழே போனால் காரம் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. உண்மை மூச்சு அதைவிட அதிகமாக இருந்திருக்கலாம். நாளைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

வெப்பமும் ஏமாற்றும். 10 டிகிரி கூடினால் மூச்சு ஏறக்குறைய இரட்டிக்கும். மார்கழியில் அளந்த வயலையும் சித்திரையில் அளந்த வயலையும் ஒப்பிடாதீர்கள். எல்லாப் பாட்டில்களையும் ஒரே நேரத்தில், ஒரே தெர்மோகோல் பெட்டியில் வைத்து, தினமும் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். சுண்ணாம்புக் கரிசலுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஒரு சிட்டிகை மண்ணில் நீர்த்த அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் மண்ணில் கார்பனேட் இருக்கிறது. வெளிவரும் வாயுவில் ஒரு பங்கு அதிலிருந்தும் வரலாம். அந்த மண்ணை அதே வகை மண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தரம்பார்த்த கழிவை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. எப்சம் உப்பை நிறையக் கரைத்து ஊற்றினால் பேரியம் கரையாத சல்பேட்டாகப் படியும். படிந்ததை வடித்து, தனியே மூடிவைத்து, ஆய்வகக் கழிவோடு கொடுத்துவிடுங்கள்.

அதே மண்ணில் நைட்ரேட்

இங்கேதான் சோதனையின் உயிர் இருக்கிறது. மூச்சுச் சோதனை தொடங்கும் நாளில் கூடுதலாக ஒரு பங்கு மண்ணை அதே அளவு நனைத்து உடனே நைட்ரேட் பாருங்கள். பாட்டில்களில் இருக்கும் மண்ணை 8ஆம் நாள் திறந்து, துளையிட்ட பாலித்தீன் தாளால் மூடி, எடை குறைந்த அளவுக்கு நீர் சேர்த்து 14ஆம் நாள் வரை வைத்திருந்து மறுபடி நைட்ரேட் பாருங்கள். கூடியது எவ்வளவோ அவ்வளவு தழைச்சத்தை நுண்ணுயிர்கள் அங்ககப் பொருளிலிருந்து அவிழ்த்துவிட்டிருக்கின்றன.

நைட்ரேட் காட்டும் சோதனைப் பட்டைகள் அலங்கார மீன் கடைகளிலும் ஆய்வகப் பொருள் கடைகளிலும் கிடைக்கும். 20 கிராம் ஈரமண், 100 மி.லி. கால்சியம் குளோரைடு கரைசல் (லிட்டருக்கு 1.47 கிராம்), ஐந்து நிமிடக் குலுக்கல். வெறும் நீரில் குலுக்கினால் கரிசல் மண் நாள் முழுக்கக் கலங்கியே இருக்கும். கால்சியம் களியைத் திரட்டித் தெளியவைக்கும். வடிதாளைக் கூம்பாக மடித்துக் கலங்கலில் இறக்கினால் உள்ளே தெளிநீர் ஊறும். பட்டையை அதில் தோய்த்து, உறையில் சொன்ன நொடிக்கு நிறம் பாருங்கள். கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள், பல ஊர்க் கிணறுகளில் நைட்ரேட் ஏற்கெனவே இருக்கிறது. திறந்து வைத்த பட்டை ஈரம் இழுத்துக் கெட்டுவிடும்.

மேலே சொன்ன ஈரத்தில் 20 கிராம் மண்ணில் உலர்மண் 15.8 கிராம், நீர் 4.2. ஆகவே மொத்த நீர் 104.2, அதை 15.8ஆல் வகுத்தால் 6.6. பட்டை நைட்ரேட்டாகக் காட்டினால் 4.43ஆல் வகுத்துத் தழைச்சத்தாக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், பட்டை எண்ணை 1.5ஆல் பெருக்கினால் ஒரு கிலோ மண்ணுக்கு மில்லிகிராம். தொடக்கத்தில் 10, பதினான்காம் நாள் 25 என்றால் 15இலிருந்து 37க்குப் போயிருக்கிறது, கூடுதல் 22. அதை 2.24ஆல் பெருக்கினால் 15 செ.மீ. ஆழத்துக்கு எக்டேருக்குச் சுமார் 50 கிலோ, ஏக்கருக்கு 20. பாட்டிலில் வெப்பமும் ஈரமும் சாதகமாக இருக்கின்றன, நனைந்த குபீர் வேகமும் சேர்ந்திருக்கிறது. வயலில் இவ்வளவு வராது. 20 கிலோ யூரியாச் சத்தைக் குறைக்கலாம் என்று நேராக எடுத்துக்கொள்ளாமல், வயல்களை ஒப்பிட மட்டும் இதை வையுங்கள். பட்டையின் நிறப்படிகள் 10, 25, 50 என்று தாண்டிப் போவதால் ஒரு முழுப் படி மாறினால்தான் மாற்றம் என்று கொள்ள வேண்டும். அண்மையில் யூரியா போட்ட மண்ணில் இந்தச் சோதனை பயன்படாது: யூரியாவிலிருந்து வந்த அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுவதையும் அவிழ்ந்ததாக எண்ணிவிடுவோம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்

மூச்சும் பலம், நைட்ரேட்டும் ஏறுகிறது: தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை மடக்கிய மண் இரண்டு மூன்று வாரம் கழித்து இப்படிக் காட்டும். அடியுரத் தழைச்சத்தைக் குறைத்துப் பார்க்க ஏற்ற வயல் இதுதான்.

மூச்சு பலம், நைட்ரேட் ஏறவில்லை அல்லது இறங்குகிறது: மட்காத வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை நார்க்கழிவு. தழைச்சத்து நுண்ணுயிர்களின் உடம்பில் பூட்டிக்கிடக்கிறது. இழந்துபோகவில்லை, பின்னால் வெளிவரும். விதைப்பைத் தள்ளுங்கள். தள்ள முடியாவிட்டால் தொடக்கத்தில் கொஞ்சம் தழைச்சத்து கூடுதலாகக் கொடுங்கள்.

மூச்சு மெலிவு, தொடக்க நைட்ரேட் அதிகம், பிறகு ஏற்றமில்லை: பழைய உர மிச்சத்தில் ஓடும் மண். பயிர் இப்போதைக்குப் பச்சையாகத்தான் இருக்கும். அடுத்த கனமழையில் நைட்ரேட் கீழே இறங்கிவிட்டால் பின்னால் நிற்க ஆளில்லை. கவலைப்பட வேண்டியது இந்த வயலைப் பற்றித்தான், ஏனென்றால் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டும் மெலிவு என்றால் உடனே எருவை வாங்கப் போகாதீர்கள். அறிக்கையில் உப்பின் அளவையும் கார அமில நிலையையும் பாருங்கள். திராட்சை, உருளைக்கிழங்குபோலப் பல ஆண்டு தாமிரப் பூஞ்சாணக்கொல்லி அடித்த நிலமா என்று பாருங்கள். உப்பும் தாமிரமும் நுண்ணுயிரை அழுத்திக்கொண்டிருந்தால் முதலில் தீர்க்க வேண்டியது அது.

நீர் தேங்கிய நெல் வயலுக்கு

மேலே சொன்ன நைட்ரேட் சோதனை நெல்லுக்கு வழிகாட்டாது. நீர் கட்டியதும் நைட்ரேட் வாயுவாகப் பறந்துவிடும். நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அம்மோனியம். ஆகவே மண்ணை நீருக்கடியில் வைத்து அம்மோனியத்தை அளக்க வேண்டும்: 5 கிராம் மண், 12.5 மி.லி. நீர், மேலே காற்றிடம் அதிகம் இல்லாத சோதனைக் குழாய், இறுக்கமான அடைப்பான், 40 டிகிரியில் 7 நாள். பிறகு பொட்டாசியம் குளோரைடு கரைசலால் பிரித்து அம்மோனியம் பார்ப்பார்கள். இதை ஆய்வகத்தில்தான் செய்ய முடியும். தொடக்க அம்மோனியத்தைக் கழிக்கச் சொல்லுங்கள், பலரும் இதை மறக்கிறார்கள்.

வயலில் நிற்கும் பயிரைக் கேட்கவும் வழி உண்டு. இலையின் பச்சையை ஒப்பிட எண்ணிட்ட நிறப்பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையை, நட்ட 14 நாள் முதல் வாரம் ஒருமுறை, மேலே முழுதாக விரிந்த இலையில், பத்து இடங்களில், உங்கள் உடம்பு நிழலில் வைத்துப் பாருங்கள். பத்தில் ஆறு இலை 4க்குக் கீழ் இருந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு 3) அப்போது மட்டும் தழைச்சத்து இடலாம். மண் எவ்வளவு கொடுக்கிறது என்பதை இதைவிட மலிவாகச் சொல்லும் கருவி வேறில்லை.

பருத்தித் துணிச் சோதனை

வெள்ளை, நூறு சதப் பருத்தித் துணியை 10 × 10 செ.மீ. துண்டாக வெட்டி, கஞ்சி போகத் துவைத்து, உலர்த்தி எடை போட்டு, நைலான் கொசுவலைப் பையில் தைத்து 8 செ.மீ. ஆழத்தில் செங்குத்தாகப் புதையுங்கள். வயலுக்கு ஐந்து துண்டு, வரப்புக்கு ஐந்து. 30 நாள் கழித்து எடுத்து, மெல்லக் கழுவி, உலர்த்தி எடை போடுங்கள். எடை குறைந்த பங்குதான் மக்கிய வேகம். நூலில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் மக்காமல் நிற்கும்; ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள், உருகி உருண்டையானால் அது வேண்டாம்.

நம் ஊரில் இதைக் கெடுப்பது கரையான். கொசுவலைப் பை அதற்காகத்தான். வலை கிழிந்து, துணி ஓரம் அரிக்கப்பட்டு, மண் பூச்சு தெரிந்தால் அந்தத் துண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நுண்ணுயிர் மக்கியது கறை படிந்து, இழை நொய்ந்து, தொட்டால் பிரியும்.

ஆய்வகத்தில் கேட்டுப் பெறக்கூடியவை

டீஹைட்ரஜனேஸ் நொதிச் சோதனை உயிருள்ள செல்களின் வேலையை மட்டும் காட்டுவதால் பயனுள்ளது. 1964இல் கசிடா குழுவினர் வகுத்த முறையில் 6 கிராம் மண், 1 மி.லி. 3 சத டிரைபீனைல் டெட்ரசோலியம் குளோரைடு, 2.5 மி.லி. நீர், 37 டிகிரியில் 24 மணி நேரம். நிறமற்ற பொருள் சிவப்பாகும். மெத்தனாலில் கரைத்து 485 நானோமீட்டரில் அளப்பார்கள். வெளிச்சம் பட்டாலும் சிவக்கும், ஆகவே இருட்டில் வைக்க வேண்டும். தாமிரம் மிகுந்த மண்ணில் எண் குறைந்து காட்டும். நீர் தேங்கிய மண்ணில் உயர்ந்து காட்டும். நன்செய்யையும் புன்செய்யையும் இந்த எண்ணில் ஒப்பிடக் கூடாது.

தட்டில் வளர்த்து எண்ணும் முறையை மண்ணின் வேகத்துக்கு அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மண் நுண்ணுயிர்களில் மிகச் சிறு பங்குதான் ஆய்வகத் தட்டில் வளரும். தூங்கிக்கிடக்கும் வித்துகூட அங்கே ஒரு புள்ளியாகிவிடும். உயிர் உரப் பாக்கெட்டின் தரம் பார்க்க அது சரியான முறை.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் இட்டுச் சோதிப்பவர்கள்

இட்ட மறுநாளோ மூன்றாம் நாளோ மண் எடுத்தால் மூச்சு எகிறும். அது கரைசலில் சேர்த்த வெல்லம் எரிகிற வேகம். வெல்லத்தை மட்டும் கரைத்து ஊற்றினாலும் அப்படித்தான் எகிறும். மூன்று வாரமாவது விட்டு, இடாத ஒரு பாத்தியோடு சேர்த்து எடுங்கள். அந்தப் பாத்திக்கும் அதே அளவு வெறும் நீர் ஊற்றியிருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் ஈரம் மட்டுமே மூச்சை உயர்த்திவிடும். முடிந்தால் வெல்லக் கரைசல் மட்டும் ஊற்றிய மூன்றாவது பாத்தியும் வையுங்கள். மூன்றிலும் மூச்சும் நைட்ரேட்டும் எடுத்து, அடுத்த ஆண்டும் அதே மாதத்தில், அதே பாத்திகளில் எடுங்கள். நோட்டில் எண்ணோடு மண் எடுத்த தேதி, கடைசி மழை, கடைசி உரம், அறை வெப்பம் நான்கும் இருக்கட்டும்.